வீட்டுப் பட்டறைக்கு 2 எச்.பி. கம்ப்ரசர்: தேர்வு முதல் குழாய் வேலை வரை

பட்டறை இது: வீட்டின் பின்பக்கம் 12-க்கு 16 அடி ஷெட். சிங்கிள் ஃபேஸ் லைன், மீட்டர் போர்டிலிருந்து 25 மீட்டர் தூரம். பெரும்பாலும் மர வேலை: பிராட் ஆணி அடிப்பது, தூசி ஊதுவது, கதவுகளுக்கு லாக்கர் ஸ்ப்ரே அடிப்பது. இடையிடையே பைக் டேங்க் பெயின்ட், கார் வீல் நட்டு, டயருக்குக் காற்று. மாதத்தில் நாலைந்து நாள்தான் முழு ஓட்டம்.

கடையில் கேட்டால் முதலில் எச்.பி. சொல்வார்கள், அடுத்து டேங்க் லிட்டர். இரண்டாலும் டூலுக்கு நேரடிப் பயன் இல்லை. எந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தொடர்ந்து வருகிறது என்பதை வைத்துத்தான் அது ஓடும். அதனால் கணக்கைக் கம்ப்ரசரிலிருந்து தொடங்காமல் டூலிலிருந்து தொடங்க வேண்டும்.

தோராயமாக: பிராட் நெய்லருக்கு ஒரு ஆணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1.3 அல்லது 1.5 மி.மீ. நாசில் உள்ள சாதாரண ஸ்ப்ரே கன் நிமிடத்துக்கு 150 முதல் 220 லிட்டர். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றால் அடிக்கும் எச்.வி.எல்.பி. கன் 250-க்கு மேல், சில 400 வரை. காற்றில் ஓடும் டி.ஏ. சேண்டர் (சுழன்று தேய்க்கும் டூல்) 300-ஐத் தாண்டும், அதுவும் நிறுத்தாமல். நட்டு கழற்றும் அரை இஞ்ச் இம்பாக்ட் ரெஞ்ச்சின் ட்ரிகரை அழுத்திப் பிடித்தால் 500-க்கு மேல் போகும். ஆனால் ஒரு நட்டுக்கு மூன்று நாலு வினாடிதான். பட்டியலில் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் இருந்தால் 28.3-ஆல் பெருக்குங்கள், லிட்டர் கிடைக்கும்.

டூல் பெட்டியில் இம்பாக்டுக்கு 4 அல்லது 5 சி.எஃப்.எம். என்று போட்டிருந்தால், அது விட்டு விட்டு ஓட்டுவதாகக் கணக்கிட்ட சராசரி. அந்த எண்ணை நம்பி டை கிரைண்டர், சேண்டர் வாங்குகிறவர்கள்தான் ஏமாறுவது. அவற்றை யாரும் மூன்று வினாடி ஓட்டுவதில்லை.

மணல் ஊதும் வேலை வேண்டும் என்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 6 பார் (அழுத்தத்தின் அளவு, 1 பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) வைத்தால் ஒவ்வொரு சதுர மி.மீ. துளையும் நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் காற்றை வெளியே விடும். 2 மி.மீ. நாசில் என்றால் 260 லிட்டர். அது தேய்ந்து 3 மி.மீ. ஆனால் 580-ஐத் தாண்டும். வீட்டு சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரசரில் அதற்கு வழியில்லை, ஆசையை விட்டுவிடலாம். இதே கணக்கு கசிவுக்கும் பொருந்தும்: எங்காவது 1 மி.மீ. ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு 65 லிட்டர் வீண்.

ஆக, இந்தப் பட்டறைக்குத் தீர்மானிக்கிற டூல் ஸ்ப்ரே கன். தேவை 150 லிட்டருக்குக் குறையாத நிஜக் காற்று.

நிஜக் காற்று என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்ப்ரசரில் இரண்டு எண்கள் சொல்வார்கள். ஒன்று டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் வாரிக்கொள்ளும் அளவு. மற்றது எஃப்.ஏ.டி., வெளியே வந்து சேரும் அளவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணை. இரண்டு சிலிண்டர், 65 மி.மீ. போர், 46 மி.மீ. ஸ்ட்ரோக், 800 ஆர்.பி.எம். என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 152.6 சி.சி., இரண்டுக்கும் 305, அதை 800-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 244 லிட்டர். இது பிஸ்டன் கணக்கு. ஆனால் பிஸ்டன் மேலே வந்த பிறகும் வால்வு பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் அழுத்தக் காற்று மிச்சம் இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது முதலில் அது விரிந்த பிறகே வெளிக்காற்று உள்ளே வரும். டேங்க் அழுத்தம் ஏற ஏற இந்த நஷ்டமும் ஏறும். சூடான ஹெட், ரிங் கசிவு எல்லாம் சேர்ந்து 8 பாரில் கைக்கு வருவது 65 சதவீதம், அதாவது 158 லிட்டர் அளவுதான். 5.6 சி.எஃப்.எம். நல்ல 2 எச்.பி. பெல்ட் கம்ப்ரசர் ஏறக்குறைய இவ்வளவு தரும். ஒரு எச்.பி.க்கு 3 முதல் 3.5 சி.எஃப்.எம். என்பதற்கு மேல் யாராவது சொன்னால், அது எந்தப் பாரில் என்று கேளுங்கள்.

பெல்ட் இல்லாத டைரக்ட் மாடல்கள், 24 அல்லது 50 லிட்டர் டேங்கோடு தூக்கிச் செல்லும் வகை, 2,800 ஆர்.பி.எம்.மில் சுற்றும். மோட்டார் வேகமும் பம்ப் வேகமும் ஒன்று. சின்ன சிலிண்டர், அதிக சூடு, அதிக சத்தம். பெட்டியில் 200 லிட்டர் என்று இருந்தால் 7 பாரில் பாதிக்குச் சற்று மேல் வந்தாலே பெரிது. ஆணி அடிக்கவும் டயருக்கும் போதும். கதவுக்கு லாக்கர் அடிக்கப் போதாது. எண்ணெய் இல்லாத சைலன்ட் வகை, பல் மருத்துவரிடம் பார்ப்போமே, அது அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குச் சரி. பேசிக்கொண்டே வேலை செய்யலாம். ஆனால் அதே காற்றளவுக்கு விலை கூடும். ஏர் பிரஷ் மட்டும் என்றால் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரே போதும். சத்தமில்லாமல் ஓடும்.

இங்கே எடுத்தது 2 எச்.பி., இரட்டை சிலிண்டர், சிங்கிள் ஸ்டேஜ், பெல்ட் டிரைவ், 110 லிட்டர் டேங்க். பம்ப் 800 சுற்று அளவில் ஓடுவதால் சூடு தாங்கும், ரிங்கும் வால்வு பிளேட்டும் தனியாகக் கிடைக்கும். கோவையில் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் (ELGi) கம்பெனி 1960-ல் தொடங்கிய தொழில் இது. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு கம்ப்ரசர் பட்டறைகள் நிறைய; ரிங் செட், கேஸ்கெட், என்.ஆர்.வி. (டேங்க் காற்று பம்ப்புக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வு) எல்லாம் கூரியரில் வரும். எந்தக் கம்பெனி ஆனாலும் வாங்குவதற்கு முன் "வால்வு பிளேட் தனியாத் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். "முழு ஹெட்தான் வரும்" என்றால் வேறு மாடல் பார்க்கலாம்.

டேங்க் பெரிதானால் காற்று அதிகம் வரும் என்பது தவறு. டேங்க் என்பது சேமிப்பு மட்டும்தான். 350 லிட்டர் கேட்கும் எச்.வி.எல்.பி. கன்னை இதில் மாட்டினால் நிமிடத்துக்கு 190 லிட்டர் பற்றாக்குறை. 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்க 110-ஐ 4-ஆல் பெருக்கி 440 லிட்டர். இரண்டேகால் நிமிடம் அடிக்கலாம், பிறகு நிறுத்திவிட்டு இரண்டே முக்கால் நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு டிராயர் முகப்புக்கு அது சரிதான். அலமாரியின் பெரிய பக்கவாட்டுக்கு நடுவில் அழுத்தம் இறங்கி பெயின்ட் ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளமாக விழும். இம்பாக்டுக்கு மாறாக இந்தச் சேமிப்பே போதும்: நாலு வினாடிக்கு 33 லிட்டர், 8-லிருந்து 6 பாருக்கு 220 லிட்டர், மோட்டார் ஆன் ஆவதற்குள் ஆறு நட்டு கழன்றுவிடும்.

கடையிலேயே சோதிப்பது

டேங்க் அவுட்லெட்டை மூடி, 4 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் என்று போனில் அளந்து பாருங்கள். டேங்க் லிட்டரை 3-ஆல் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால் வருவது நிஜக் காற்று. 110 லிட்டர் டேங்கில் 330 லிட்டர்; 2 நிமிடம் 5 வினாடி ஆனால் 158. காற்று சூடாக இருப்பதால் இந்த எண் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதைக் கழித்துப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து அளக்கச் சொல்லி நேரத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். குறைந்த அழுத்தத்தில் எல்லாக் கம்ப்ரசரும் வேகம்தான். இந்த நேரத்தை டேங்கில் மார்க்கரால் எழுதி வைத்தால் பின்னால் பம்ப் தேய்கிறதா என்று ஒப்பிட உதவும்.

சுற்று வேகத்தைக் கூட்ட மோட்டார் புல்லியைப் பெரிதாக்குவது நம் ஊரில் பழைய வித்தை. காற்று கூடும், கூடவே மோட்டார் ஆம்பியரும். பெயர்ப் பலகையில் போட்ட ஆம்பியரைத் தாண்டினால் வைண்டிங் கருகும். செய்யாதீர்கள்.

கரன்ட்

2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் 60 வரை. 25 மீட்டர் தூரம் என்றால் போக வர 50 மீட்டர் ஒயர். 2.5 சதுர மி.மீ. செம்புக்கு இது 0.37 ஓம். 60 ஆம்பியரில் 22 வோல்ட் விழும். 230 வந்தால் மோட்டாருக்கு 208. டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் குறைவதால் 82 சதவீதம் மிச்சம், ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் மாலையில் லைனே 200-க்கு இறங்கும் தெருவில் 178 வந்து 60 சதவீதம்தான் கிடைக்கும். அப்போது முனகிக்கொண்டே நிற்கும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 14 வோல்ட் ஆகும். அதைத்தான் இங்கே போட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டுவது கூடவே கூடாது. தூரம் போக வேண்டுமானால் ஏர் ஹோஸை நீட்டுங்கள்.

எம்.சி.பி. 20 ஆம்பியர், சி வகை. பி வகை போட்டால் ஸ்டார்ட்டிலேயே ட்ரிப் ஆகலாம். எம்.சி.பி. மோட்டாரைக் காப்பாற்றாது, ஒயரைத்தான் காப்பாற்றும். அதனால் ஓவர்லோட் ரிலே உள்ள ஸ்டார்ட்டர் தனியாக வேண்டும், பலகையில் இருக்கும் ஆம்பியருக்கே செட் செய்து. எர்த் கம்பியை டேங்க் உடம்பு வரை கொண்டு போங்கள்.

உட்கார வைப்பது

ஸ்ப்ரே அடிக்கும் இடத்தில் கம்ப்ரசர் இருக்கக் கூடாது. டேங்க் அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பிரஷர் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் பொறி தட்டும், தின்னர் ஆவிக்கு அது போதும். மரத்தூளும் பட்டி தேய்க்கும் தூசியும் ஃபில்டரை அடைக்கும். ஷெட்டின் வெளிச்சுவரை ஒட்டி, மழை படாத தகரக் கூரை போட்டு வைத்தால் சத்தமும் வெளியே. ஃப்ளைவீல் பக்கம் சுவருக்கு 30 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி. அந்த ஃப்ளைவீல்தான் விசிறி. அதன் காற்று சிலிண்டர் மேல் அடிக்க வேண்டும். சுற்றும் திசை மாறியிருந்தாலும் பம்ப் காற்று அடிக்கும், ஆனால் குளிராது. அம்புக்குறியைப் பார்த்து முதல் நாளே சரிசெய்யுங்கள்.

கால்களை ஆங்கர் போல்ட்டால் இறுக்கி முறுக்காதீர்கள். தரை கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் டேங்க் முறுகி, அதிர்வில் கால் வெல்டிங் ஓரம் விரிசல் விடும், விரிசல் டேங்க் தகட்டுக்குள் ஓடும். 15 மி.மீ. ரப்பர் பேட் மேல் நிற்க விட்டால் போதும்.

முதல் ஓட்டம்: பம்ப்பில் ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் பாதி அளவுக்கு வி.ஜி. 100 (ஆயிலின் தடிமன் எண்) கம்ப்ரசர் ஆயில். இன்ஜின் ஆயில் வேண்டாம். அதிலிருக்கும் டிடர்ஜென்ட் தண்ணீரைக் கலந்து வைத்துக்கொள்ளும், வால்வில் கரி பிடிக்கும். டேங்க் அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெயின் காக்கைத் திறந்து வைத்து அரை மணி நேரம் அழுத்தம் இல்லாமல் ஓட்டிய பிறகு மூடி ஏற்றுங்கள். முதல் 50 மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு கையேட்டில் சொன்ன இடைவெளி. ஆயில் பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: தினமும் இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டி, பம்ப் சூடாகாமலே நிறுத்துகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும்.

தண்ணீர்

ஸ்ப்ரே வேலையைக் கெடுப்பதில் கம்ப்ரசர் சின்னது என்பதை விடத் தண்ணீருக்கே முதலிடம். கடலோர ஊரில் 32 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 27 கிராம் நீராவி. கேஜில் 8 பார் என்றால், கேஜ் காட்டாத வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து, காற்று ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. அது மறுபடி 32 டிகிரிக்கு ஆறும்போது 4 கிராமுக்கும் குறைவாகத்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 23 கிராமும் தண்ணீர். நிமிடத்துக்கு 158 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 200 மில்லிக்கு மேல் தண்ணீர் எங்காவது இறங்கியே ஆக வேண்டும். டேங்கில் இறங்காதது பெயின்ட் மேல் இறங்கும்: என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வெளுக்கும், பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டில் குமிழ் வரும்.

ஆறும் இடம் எது என்பதுதான் கேள்வி. டேங்க் வாயிலேயே ஃபில்டரை மாட்டிவிட்டு, தண்ணீர் வருகிறது என்று புலம்புவதைப் பார்க்கலாம். அங்கே காற்று இன்னும் சூடு. தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறித் துளியாகும். அதனால் குழாயிலேயே ஆற விட வேண்டும்.

இங்கே செய்தது: டேங்கிலிருந்து 60 செ.மீ. ரப்பர் ஹோஸ், அதிர்வு குழாய்க்குப் போகாமலிருக்க. அங்கிருந்து 15 மி.மீ. செம்புக் குழாய் சுவரில் 2 மீட்டர் மேலே, 2 மீட்டர் கீழே, மறுபடி மேலே, கீழே, மொத்தம் 8 மீட்டர். ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு டீ, அதற்குக் கீழே 15 செ.மீ. துண்டுக் குழாயும் பால் வால்வும். தண்ணீர் நேராகக் கீழே விழுந்து நிற்கும், காற்று பக்கவாட்டில் திரும்பிப் போகும். ஷெட்டுக்குள் போகும் படுக்கைக் குழாய்க்கு மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு. கிளை எடுக்கும்போது குழாயின் மேல் முதுகிலிருந்து எடுத்து வளைத்து இறக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் ஓடும் தண்ணீர் முழுக்க அந்தக் கிளைக்கே வரும்.

ஃபில்டரும் ரெகுலேட்டரும் கடைசியில், கன்னுக்குப் பக்கத்தில். ஃபில்டர் முதலில், ரெகுலேட்டர் பிறகு. 8 பாரில் தண்ணீர் துளியாக இருக்கும்போதே பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு 3 பாருக்கு இறக்கினால் காற்று விரிந்து ஈரப்பதம் பாதிக்கும் கீழே போகும். குழாய் முழுக்க 8 பாரிலேயே வைத்திருப்பதன் லாபம் இதுதான். டேங்க் வாயிலேயே 3 பாருக்குக் குறைத்து அனுப்பினால் இந்த உதவி கிடைக்காது.

ஜி.ஐ. குழாயும் போடலாம், உள்ளே துரு உதிரும் என்பதால் ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். பி.வி.சி. மட்டும் வேண்டாம். தண்ணீர்க் குழாய் 10 பார் தாங்கும் என்று எழுதியிருப்பது தண்ணீருக்கு. காற்றில் வெடித்தால் சில்லுகள் சுவரில் குத்தி நிற்கும்.

ஹோஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 8 மி.மீ. பி.யு. ஹோஸ் என்று விற்பது வெளி அளவு, உள்ளே 5 மி.மீ.தான். அழுத்த இழப்பு உள் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். 8-க்குப் பதில் 5 போட்டால் அதே காற்றுக்குப் பத்து மடங்கு இழப்பு. ஸ்ப்ரேக்கு 12-க்கு 8 என்று கேட்டு வாங்குங்கள். கன் அழுத்தத்தை ட்ரிகரை அழுத்திக்கொண்டுதான் செட் செய்ய வேண்டும். சும்மா இருக்கும்போது 3 காட்டுவது அடிக்கும்போது 2 ஆகியிருக்கும்.

கெடும்போது

அடிக்கடி வருவது என்.ஆர்.வி. கோளாறு. அடையாளம் தெளிவானது: மோட்டார் நின்றதும் பிரஷர் ஸ்விட்ச் ஓரத்தில் 'புஸ்' என்று ஒரு நொடி காற்று வரும், அது சரி. அந்தப் புஸ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டேங்க் காற்று என்.ஆர்.வி. வழியாகத் திரும்புகிறது. பலர் பிரஷர் ஸ்விட்சை மாற்றிப் பணத்தை விடுவது இதற்குத்தான். டேங்கை முழுவதும் காலி செய்து, கேஜ் பூஜ்யம் என்று உறுதிசெய்து, டேங்கோடு சேர்ந்திருக்கும் என்.ஆர்.வி.யின் அறுகோண மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் அல்லது டெஃப்லான் வட்டு. வட்டில் கரித்துண்டு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் சீட் பதிந்த தழும்பு ஆழமாக இருக்கும். கரியைத் துடைத்து, தழும்பு இருந்தால் வட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டலாம். புது வட்டு வரும் வரை தாங்கும்.

மோட்டார் முனகி நின்றால் டேங்கைக் காலி செய்து முயன்று பாருங்கள். காலியில் ஸ்டார்ட் ஆகி 6 பாரில் ஆகவில்லை என்றால் அன்லோடரையோ (மோட்டார் நின்றதும் அந்தப் 'புஸ்' காற்றை விடும் சின்ன வால்வு) லைன் வோல்டேஜையோ பார்க்க வேண்டும். காலியிலும் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர்.

ஏறும் நேரம் கூடினால் முதலில் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அடுத்தது பெல்ட். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 மி.மீ. அளவுக்கு இறங்கலாம். இரண்டும் சரியென்றால் ஓடும்போது இன்டேக் வாயருகே உள்ளங்கையை வையுங்கள். உறிஞ்சல் மட்டும் இல்லாமல் எதிர்க்காற்றும் அடித்தால் இன்டேக் வால்வு மூடவில்லை. பம்ப்பின் ஆயில் அறை மூச்சுவிடும் ஓட்டையான பிரீதரில் புகையும், டிரெயின் தண்ணீரில் ஆயிலும் வந்தால் ரிங்.

பழைய கம்ப்ரசர்

பம்ப்பையும் மோட்டாரையும் பழையதாக வாங்கலாம், பழுது பார்க்கலாம். டேங்க் வேறு விஷயம். அடிவயிற்றில், டிரெயின் காக்கைச் சுற்றி உள்பக்கத் துரு பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். அல்ட்ராசானிக் கேஜால் அடித்தகட்டைப் பல இடங்களில் அளந்து, பலகையில் உள்ள தகட்டு அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, துளிக் காற்றும் இல்லாமல் கைப்பம்ப்பால் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். 10 பார் டேங்குக்கு 15. காற்றால் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, பிளந்தால் ஆள் இருக்க மாட்டார். பேட்ச் வெல்டிங் போட்ட டேங்க் என்றால் அளக்கவும் வேண்டாம். பம்ப்பையும் மோட்டாரையும் மட்டும் கழற்றி விலை பேசிவிட்டு, டேங்கைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.